18446744073709551615 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் தானியத்தை இரட்டிப்பாக்கும் கதையில் 18446744073709551615 என்ற எண் வருகிறது. ரொம்பப் பெரிய எண் என்பதைத் தவிர, கணித ரீதியாக இதில் ஏதாவது விசேஷம் உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. சொல்லப்போனால் இதன் பருமன்தான் இருப்பதிலேயே சாதாரணமான விஷயம். இதைவிடப் பெரிய எண் வேண்டும் என்றால் கடைசியில் ஒரு சுழியைச் சேர்த்தால் போதும், கிடைத்துவிடும். இந்த எண் எப்படிக் காரணிகளாக உடைகிறது, உடைந்த துண்டுகள் எங்கெல்லாம் போய்ச் சேருகின்றன என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

முதலில் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முதல் கட்டத்தில் 1 தானிய மணி, அடுத்ததில் 2, அதற்கடுத்து 4, அப்புறம் 8. இப்படியே 64 கட்டங்களையும் நிரப்பிக் கூட்டினால் 2⁶⁴ − 1 வரும். நம் வழக்கில் வாசித்தால் ஏறக்குறைய 1 லட்சத்து 84 ஆயிரம் கோடி கோடி.

இதே எண் இன்னொரு புதிரிலும் வருகிறது. 1883ல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எட்வார்ட் லூகாஸ் வெளியிட்ட ஹனாய் கோபுரம் அது. மூன்று கம்பங்கள், ஒன்றில் பெரியது அடியிலும் சிறியது மேலுமாக அடுக்கிய 64 தட்டுகள். ஒரு தடவைக்கு ஒரு தட்டைத்தான் நகர்த்தலாம், சின்னத் தட்டின் மேல் பெரிய தட்டை வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் இன்னொரு கம்பத்துக்கு மாற்றக் குறைந்தபட்சம் 2⁶⁴ − 1 நகர்வுகள் வேண்டும். நொடிக்கு ஒரு நகர்வு என்று வைத்தாலும் சுமார் 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

இங்கே நேரத்தைவிட எனக்குப் பிடித்தது நகர்வுகளின் வரிசை. தட்டுகளுக்குச் சிறியதிலிருந்து 1, 2, 3 என்று பெயர் வைத்துக்கொண்டால், மூன்று தட்டு விளையாட்டில் நகர்பவை 1, 2, 1, 3, 1, 2, 1. ஒன்று விட்டு ஒரு நகர்வு சின்னத் தட்டுக்கு. மிச்சம் இருப்பதில் ஒன்று விட்டு ஒன்று இரண்டாம் தட்டுக்கு. 64 தட்டு விளையாட்டிலும் இதே ஒழுங்குதான்: மிகச் சின்னத் தட்டு 2⁶³ தடவை நகரும், மிகப் பெரிய தட்டு ஒரே ஒரு தடவை, சரியாக நட்டநடுவில் நகரும். ஒவ்வொரு நகர்விலும் எந்தத் தட்டு நகர வேண்டும் என்று தெரிய, அந்த நகர்வின் எண்ணைப் பைனரியில் (0, 1 மட்டும் வைத்து, இரண்டின் அடிமானத்தில்) எழுதிக் கடைசியில் எத்தனை சுழி இருக்கிறது என்று பார்த்தால் போதும். சுழியே இல்லையென்றால் 1ஆம் தட்டு, ஒரு சுழி என்றால் 2ஆம் தட்டு. அதாவது இந்தப் புதிரை ஆடுகிறவர் தன்னையறியாமல் 1 முதல் 2⁶⁴ − 1 வரை பைனரியில் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இனி எண்ணையே உற்றுப் பாருங்கள்: 18446744073709551615. இருபது இலக்கங்களில் 0, 1, 3, 4, 5, 6, 7, 8, 9 எல்லாம் இருக்கின்றன. 2 மட்டும் இல்லை. இரண்டால் பெருக்கிப் பெருக்கியே பிறந்த எண்ணில் 2 என்ற இலக்கமே இல்லை! கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதற்குள் ஒன்றும் இல்லை. இருபது இலக்க எண்ணில் குறிப்பிட்ட ஒரு இலக்கம் வராமலே போவதற்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நாம் பத்தின் அடிமானத்தில் எழுதுவதால் கண்ணில் படும் தற்செயல் இது. எழுதும் முறையை மாற்றினால் மறைந்துவிடும். எண்களின் விசேஷங்களைப் படிக்கும்போது இந்த வித்தியாசத்தை நான் எப்போதும் பார்ப்பேன்: விசேஷம் எண்ணுக்குச் சொந்தமா, எழுதும் முறைக்குச் சொந்தமா? இனிமேல் சொல்லப்போகிறவை எல்லாம் எண்ணுக்கே சொந்தமானவை.

பைனரியில் எழுதினால் இந்த எண் வரிசையாக 64 ஒன்றுகள். வேறு எதுவும் கிடையாது. இந்த ஒரு விஷயத்திலிருந்தே அதன் காரணிகள் கிட்டத்தட்டத் தாமாகவே வந்துவிடும்.

பைனரியில் 11 என்றால் நம் கணக்கில் 3. அதை 101ஆல், அதாவது 5ஆல், பெருக்கினால் 1111 வருகிறது. ஏன் என்று பாருங்கள். 101இல் உள்ள வலது ஒன்று 11ஐ அப்படியே வைக்கிறது. இடது ஒன்று அதே 11ஐ இரண்டு இடம் தள்ளிப் பக்கத்தில் வைக்கிறது. ஒட்டினாற்போல் இரண்டு பிரதிகள். இப்போது 1111ஐ 10001ஆல் (17) பெருக்கினால் எட்டு ஒன்றுகள், அதாவது 255. அதை 257ஆல் பெருக்கினால் பதினாறு. 65537ஆல் பெருக்கினால் முப்பத்திரண்டு. கடைசியாக 4294967297ஆல் பெருக்கினால் அறுபத்து நான்கு. ஒவ்வொரு தடவையும் நடப்பது ஒரே வேலை, இருப்பதை ஒரு பிரதி எடுத்துப் பக்கத்தில் ஒட்டுவது. எனவே,

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

கால்குலேட்டரே தேவைப்படவில்லை. 64 என்ற அடுக்கு பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போவதால்தான் இது இவ்வளவு எளிதாக உடைகிறது. கொஞ்சம் முன்னால் நிறுத்தி 61 ஒன்றுகளை எழுதிப் பாருங்கள். 2⁶¹ − 1 = 2305843009213693951. இது பகா எண், எதனாலும் உடையாது. 1883ல் ரஷ்யாவின் பெர்வூஷின் இதை நிறுவினார், ஹனாய் கோபுரம் வெளியான அதே ஆண்டு. பருமனில் அதிகத் தூரம் இல்லாத இரண்டு எண்களின் குணம் இவ்வளவு வேறுபடுவதற்குக் காரணம் அடுக்கில் இருக்கும் 61, 64 என்ற சின்ன எண்கள்தான்.

மேலே உள்ள ஆறு காரணிகளும் ஒரே குடும்பம். 2ஐ 1, 2, 4, 8, 16, 32 என்ற அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் கிடைப்பவை. 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, இதில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை சரிதான். அடுத்த எண் 4294967297 பத்து இலக்கம். அதைக் கையால் சோதிப்பது லேசான வேலை இல்லை. 1732ல் கணிதவியலாளர் ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

இதை எந்த நீண்ட வகுத்தலும் செய்யாமல் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. எனக்குத் தெரிந்த மிக அழகான சின்ன நிரூபணங்களில் ஒன்று என்பதால் முழுதாகவே எழுதுகிறேன். 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

(5 × 128 = 640; 625 + 16 = 641. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) இனி 641ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் கவனிப்போம். முதல் வரிப்படி 5 × 2⁷ என்பது 641க்கு ஒன்று குறைவு, ஆகவே அதன் மீதியை −1 என்று வைத்துக்கொள்ளலாம். அதன் நான்காம் அடுக்கு 5⁴ × 2²⁸; −1இன் நான்காம் அடுக்கு +1. எனவே 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாம் வரிப்படி 5⁴ வரும் இடத்தில் −2⁴ என்று போடலாம். போட்டால் −2⁴ × 2²⁸, அதாவது −2³². அதன் மீதிதான் 1. ஆக 2³² + 1இன் மீதி சுழி. முடிந்தது. 4294967297 என்ற எண்ணை நாம் முழுதாக எழுதக்கூட இல்லை.

641ஐத் தேடிப் பிடிப்பதும் குருட்டாம்போக்கு வேலை அல்ல. 4294967297இன் எந்தப் பகாக் காரணியும் 64இன் மடங்கைவிட ஒன்று அதிகமாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடும். ஹனாய் கோபுரத்தின் லூகாஸ் பின்னாளில் இதை இன்னும் இறுக்கினார்: 128இன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 257, 641 இரண்டு பேர்தான் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். 6700417உம் இந்த விதிக்கு அடங்குகிறது, 128 × 52347 + 1.

ஆக முழு விடை:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை. மொத்த வகுத்திகள் 2⁷ = 128. பக்கத்திலேயே இரண்டு தள்ளி இருக்கும் 18446744073709551617, அதாவது 2⁶⁴ + 1, இதே ஃபெர்மா வரிசையின் அடுத்த ஆள். அது 274177 × 67280421310721 என்று உடைகிறது. அதை 1880ல் லாண்ட்ரி வெளியிட்டார், அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது.

641 நுழைந்ததால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்டால், ஒரு அருமையான தொடர் அறுந்துபோயிற்று. 15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 15 வரை 15உடன் பொதுக் காரணி இல்லாத எண்கள் 1, 2, 4, 7, 8, 11, 13, 14. மொத்தம் 8, அதாவது 16இல் சரிபாதி. 3க்கு இது 2, அதாவது 4இல் பாதி. 255க்கு 128, 65535க்கு 32768, 4294967295க்கு 2147483648. ஒவ்வொன்றிலும் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி, சரிபாதி. அடுத்து நம் எண்ணுக்கும் 2⁶³ வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. இந்த எண்ணிக்கை, வெவ்வேறு பகாக் காரணிகள் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால் வருவது. 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் கணக்கில் 4294967296 என்ற பெருக்கல் கூறு வந்து எல்லாம் இரண்டின் அடுக்காகவே இருந்திருக்கும். அது உடைந்துவிட்டதால் அந்த இடத்தில் 640 × 6700416 = 4288266240 வந்து உட்கார்கிறது. இரண்டின் அடுக்காக இல்லை, பாதிக்குக் கொஞ்சம் குறைந்துவிடுகிறது.

இந்தச் சின்னக் குறைக்கு வடிவியலில் பெரிய விளைவு உண்டு. கவராயத்தையும் அளவுகோலையும் மட்டும் வைத்து எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரைய முடியும்? கிரேக்கர்களுக்கு 3, 5, 15 பக்கங்கள் தெரியும். 1796ல், பதினெட்டு வயதில், காஸ் 17 பக்கப் பலகோணமும் முடியும் என்று கண்டார். வரைய முடிவதற்கான நிபந்தனை, பக்க எண்ணுடன் பொதுக் காரணி இல்லாதவை என்று மேலே எண்ணிய அந்த எண்ணிக்கை இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும் என்பதே. முடியும் என்ற பக்கத்தைக் காஸ் 1801ல் வெளியிட்டார். மற்றவை முடியாது என்பதன் நிரூபணத்தை 1837ல் வான்ட்செல் தந்தார். ஆகவே ஒற்றைப்படையில் 3, 5, 17, 257, 65537 ஆகியவற்றை ஆளுக்கொரு தடவை மட்டும் பயன்படுத்திப் பெருக்கி வரும் எண்கள்தான் வரையக்கூடியவையாக இன்றுவரை தெரிந்தவை. மொத்தம் 31. அவற்றில் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டது. பூமத்திய ரேகையையே வட்டமாக வைத்து அதை வரைந்தால் ஒரு பக்கம் சுமார் 9.3 மில்லிமீட்டர் இருக்கும். ஃபெர்மா சொன்னது சரியாக இருந்திருந்தால் 18446744073709551615 பக்கப் பலகோணமும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும். அதைத் தடுப்பது 641. (65537 பக்கத்துக்கு வழிமுறை எழுதுவதற்கே ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் சுமார் பத்தாண்டுகள் செலவிட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கனில் இருக்கிறது.)

அந்த 31 எண்களையும் பார்க்க இன்னொரு இடம் உண்டு. பாஸ்கல் முக்கோணத்தை (ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூட்டல்) எழுதி, ஒற்றைப்படை எண் வரும் இடத்தில் 1, இரட்டைப்படை வரும் இடத்தில் 0 போடுங்கள். வரிகள் 1, 11, 101, 1111, 10001, 110011, 1010101, 11111111 என்று வரும். இவற்றைப் பைனரி எண்களாக வாசித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255. முதல் வரியை விட்டுவிட்டு அடுத்த 31 வரிகளை எடுத்தால், வரையக்கூடிய அதே 31 பலகோணங்கள், ஏறுவரிசையில், ஒன்றுகூட விடுபடாமல்! அதற்கடுத்த வரி 4294967297. அங்கே தொடர்பு முறிந்துவிடுகிறது. முக்கோணம் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, 64ஆவது வரியில் நம் எண் முழுசாக வந்து நிற்கிறது. அந்த வரியில் உள்ள 64 எண்களும் ஒற்றைப்படை என்பதுதான் இதற்குப் பொருள்.

கம்ப்யூட்டர் பக்கம் வந்தால், 64 பிட் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1 வைக்கும் ஓர் இடம்) இடத்தில் கழித்தல் குறியில்லாமல் வைக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுதான் என்பது பலருக்கும் தெரியும். ஒன்றைக் கூட்டினால் சுழிக்குத் திரும்பிவிடும். அதைவிட ஆழமான ஒன்று இந்த எண்ணை வகுக்கும்போது தெரிகிறது. 3ஆல் வகுத்தால் 6148914691236517205. பார்க்க ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும், பைனரியில் அது 010101 என்று கடைசிவரை போகிறது. 5ஆல் வகுத்தால் 3689348814741910323, அது 00110011. 17ஆல் வகுத்தால் 00001111 என்ற அச்சு திரும்பத் திரும்ப. 257ஆல் வகுத்தால் எட்டுச் சுழி, எட்டு ஒன்று. வேகம் முக்கியமான நிரல்களை எழுதுகிறவர்கள் இந்த எண்களை, வேண்டிய பிட்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் 'மாஸ்க்' என்ற பெயரில் அடிக்கடி பார்த்திருப்பார்கள்.

எதற்கு என்று எட்டு பிட்டில் காட்டுகிறேன். 11010111 என்ற எண்ணில் எத்தனை ஒன்றுகள் என்று எண்ண வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் போவது மெதுவான வழி. அதற்குப் பதில் பக்கத்துப் பக்கத்து பிட்களை ஜோடி ஜோடியாகக் கூட்டுங்கள்: 11, 01, 01, 11 என்ற ஜோடிகளில் முறையே 2, 1, 1, 2. அவற்றை அதே இடத்தில் எழுதினால் 10 01 01 10. இதில் அடுத்தடுத்த ஜோடிகளைக் கூட்டினால் 0011 0011, அதாவது 3, 3. அவற்றையும் கூட்டினால் 00000110, அதாவது 6. மூன்றே படி. முதல் படியில் ஒன்றுவிட்டு ஒரு பிட்டைப் பொறுக்க 255 ÷ 3, இரண்டாம் படிக்கு 255 ÷ 5, மூன்றாம் படிக்கு 255 ÷ 17 மாஸ்க்காகப் பயன்படும். 64 பிட் எண்ணுக்கு ஆறு படி. அந்த ஆறு மாஸ்க்குகளும் நம் எண்ணை ஆறு ஃபெர்மா எண்களால் வகுத்து வருபவையே. முன்னால் பிரதி எடுத்து ஒட்டிய வேலையை இங்கே பின்னோக்கிச் செய்கிறோம், அவ்வளவுதான்.

கடைசியாக, ஏழு பகாக் காரணிகளும் நேரடியாக வேலைக்கு வரும் ஓர் இடம். சீரற்ற எண்களை உருவாக்க ஜார்ஜ் மார்சாக்லியா 2003ல் எக்ஸார்ஷிஃப்ட் என்ற முறையை வெளியிட்டார். 64 பிட்களை எடுத்து, சில இடங்கள் நகர்த்தி, பழையதோடு எக்ஸார் செய்து (இரண்டு பிட்களும் வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0), அதையே அடுத்த நிலையாக வைப்பது. சுழி நிலையிலிருந்து தொடங்கினால் என்றென்றும் சுழிதான், அதனால் அதை ஒதுக்கிவிட வேண்டும். மிச்சம் இருப்பவை சரியாக 2⁶⁴ − 1 நிலைகள். எத்தனை இடம் நகர்த்துவது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், அத்தனை நிலைகளையும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்கு வரும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் நடுவிலேயே திரும்பிவிடும்.

சரியான தேர்வுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓடவிட்டுப் பார்க்க முடியாது. நொடிக்கு 100 கோடி படி என்றாலும் 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இங்கேதான் காரணிகள் உதவுகின்றன. ஒரு படியை 64 × 64 அணி (மேட்ரிக்ஸ்) ஒன்றால் பெருக்குவதாக எழுதலாம், அதன் பெரிய அடுக்குகளை வர்க்கம் எடுத்து எடுத்துச் சீக்கிரம் கண்டுவிடலாம். முதலில் 2⁶⁴ − 1 படிகளில் எந்த நிலையும் தன் இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால், திரும்புவதற்கான குறைந்தபட்சப் படிகள் நம் எண்ணின் ஒரு வகுத்தியாகத்தான் இருக்க முடியும். அது முழு எண்ணைவிடச் சிறியதாக இருந்தால், நம் எண்ணை அந்த ஏழு பகா எண்களில் ஏதாவது ஒன்றால் வகுத்து வரும் படிகளிலேயே எல்லாம் திரும்பியிருக்க வேண்டும். ஆகவே 128 வகுத்திகளையும் சோதிக்க வேண்டாம், 3, 5, 17, 257, 641, 65537, 6700417 ஏழுக்கு மட்டும் பார்த்தால் போதும். ஏழிலும் திரும்பவில்லை என்றால் சுழற்சி முழுமையானது என்று உறுதி. மொத்தம் எட்டுச் சோதனைகள். சாதாரணக் கம்ப்யூட்டரில் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.